கடலுக்கு முன் சேறு

1927ஆம் வருஷம் மே மாதம் 20ந் தேதி நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, 33½ மணி நேரத்தில் பாரிஸ் நகரில் இறங்கிய லிண்ட்பெர்க்கின் பெயரை அறியாதார் இலர். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டிய அத்தீரச் செயலைப் புகழ்வோர் யாவரும் இருளையும், மூடுபனியையும், கண்ணை அழுத்திய உறக்கத்தையுமே எடுத்துச் சொல்வர். அப்பிரயாணத்தின் முதல் ஒரு மைலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். பேரபாயம் அந்த ஒரு மைலில்தான் இருந்தது என்பது நமது அபிப்பிராயம்.

இதற்குச் சாட்சியம் உண்டு. ஹோட்டல் முதலாளி ஆர்டீக் 1919ல் அறிவித்த 25,000 டாலர் பரிசை நாடி, லிண்ட்பெர்க்குக்கு முன் உயிரிழந்தவர் அறுவர். நங்கெஸ்ஸர், கோலி என்ற பிரெஞ்சு வீரர் இருவர் 1927 மே 8ந் தேதி பாரிஸிலிருந்து கிளம்பி மறைந்தே போயினர். ஏனைய நால்வரைக் கடல் கொல்லவில்லை. அவர்கள் புறப்படும்போதே மாண்டனர். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த டேவிஸ், வூஸ்டர் இருவரும் 1927 ஏப்ரல் 26ந் தேதி வர்ஜீனியாவில், சுமையேற்றிய விமானத்தைச் சோதிக்கக் கிளம்பி, உயர முடியாமல் சதுப்பு நிலத்தில் வீழ்ந்து இறந்தனர்.

மற்ற இருவர் மடிந்தது நியூயார்க் அருகே ரூஸ்வெல்ட் மைதானத்தில். மகாயுத்தத்தில் 75 பகைவிமானங்களை வீழ்த்தியவர் எனப் பேர்பெற்ற ரெனே ஃபோங்க், 1926 செப்டம்பர் 21ந் தேதி, சிகோர்ஸ்கி அமைத்த மூன்று எஞ்சின் விமானத்தில் 28,000 ராத்தல் பாரத்தோடு ஓடினார். இன்னும் சோதனைகள் வேண்டுமென்பது சிகோர்ஸ்கியின் எண்ணம். ஆனால் பருவம் கழிந்துகொண்டிருந்தது. ஓட்டத்தின் நடுவே துணைச் சக்கரங்கள் முறிந்தன. விமானம் எழும்பாமலே மைதானத்தின் கோடியைக் கடந்து சரிவில் விழுந்து தீப்பற்றியது. ஃபோங்கும் மற்றொருவரும் தப்பினர்; ரேடியோக்காரரும் மெக்கானிக்கும் எரிந்து போயினர்.

எட்டு மாதங்களுக்குப் பின் லிண்ட்பெர்க் கிளம்பியதும் அதே மைதானத்திலிருந்துதான். மழையில் தரை குழைந்து கிடந்தது. சுமார் 5,250 ராத்தல் மொத்த பாரத்தில் ஏறக்குறையப் பாதி பெட்ரோல். எஞ்சினோ 223 குதிரைச் சக்தி. முழுச் சுமையுடன் அவ்விமானம் அதற்கு முன் ஒருமுறையேனும் எழும்பியதில்லை. ஆட்கள் பிடித்துத் தள்ளிய பிறகே அது நகர்ந்தது. சக்கரங்கள் தரையை விட்டன, மறுபடி தொட்டன, குட்டையில் நீரை வாரியிறைத்தன, பின்பு விட்டன. கோடியிலிருந்த தந்திக் கம்பிகளைச் சுமார் 20 அடி உயரத்தில் தாண்டிற்று. அந்த 20 அடி வாய்த்திராவிடின் இறந்தோர் எழுவராயிருப்பர்.

மென்மண் செய்யும் வஞ்சனை எத்தகையது? வேகம் கூடினாலன்றி இறக்கை சுமையைத் தாங்காது. இறக்கை சுமையைத் தாங்கினாலன்றிச் சக்கரம் சேற்றை விட்டு எளிதில் ஓடாது. இச்சிக்கலை அவிழ்க்க, சிறு விமானத்தை ஓட்டுவோன் ஆரம்பத்திலிருந்தே கைப்பிடியைப் பின்னுக்கிழுத்து, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறான். விமானமும் வழக்கத்துக்கு முன்னதாகவே எழும்பிவிடுகிறது. இங்கேதான் ஆபத்து. தரையை ஒட்டிப் பறக்கையில் காற்றின் தடை குறைவு. ஆகையால், உயரே தங்கப் போதாத வேகத்திலும் விமானம் மிதக்கும். தரை கொடுக்கும் கடன் இது. உடனே மூக்கைத் தாழ்த்தி, சில அடி உயரத்திலேயே பறந்து வேகத்தைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். எதிரே மரங்களைக் கண்டு மிரண்டு மூக்கைத் தூக்குகிறவனிடம் அக்கடன் அக்கணமே வசூலிக்கப்படுகிறது.

பிரிட்டிஷ் விமான அதிகாரிகள் சிறு விமானிகளுக்குத் தந்துள்ள கணக்கின்படி, பாரம் 10 சதவீதம் ஏறினால் புறப்பாட்டுத் தூரம் 20 சதவீதம் ஏறும். மென்மண் 25 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்றும். இவை ஒன்றோடொன்று பெருகும். ஆக, 600 மீட்டர் போதுமென்ற விமானத்துக்கு 900 மீட்டர் வேண்டும். நண்பரொருவரை ஏற்றிக்கொண்டு, முந்திய இரவு மழை பெய்த புல்தரையில் புறப்படுகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள்?

விபத்து நேர்ந்ததும் "விமானியின் தவறு" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது சுலபம். நியாயஸ்தலத்தில் பழகியோருக்கு அச்சொல் திருப்தி தராது. தொட்டியை நிரப்பியது யார்? தரை தகுந்ததென்று சொன்னது யார்? நாள் குறித்து அவசரப்படுத்தியது யார்? கைப்பிடி ஒருவன் கையிலிருந்ததனால் மற்றவர் கைகள் சுத்தமாகிவிடா. ஃபோங்கின் விமானத்தில் மடிந்த இருவரும் அவசரப்பட்டதாக யாரும் சொன்னதில்லை.

விமானிகளிடையே வழங்கும் விதி ஒன்றுண்டு. புறப்படுமுன் மைதானத்தைக் காலால் நடந்து பார்த்து, பாதித் தூரத்தில் அடையாளம் வைக்கவேண்டும். அதைக் கடக்கையில் எழும்புதற்குரிய வேகத்தில் 70 சதவீதம் வந்திராவிட்டால், எஞ்சினை அடக்கி நிறுத்திவிட வேண்டும். சேற்றில் நின்ற விமானத்தை நாலு பேர் தள்ளிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடலாம்.