43 கோல் மாஸ்கோ அணியா... 15 கோல் பாரிஸ் அணியா? வெவ்வேறு காலத்து ஹாக்கி டீம்களை ஒப்பிடுவது எப்படி?

"எங்க செட்டு ஆடுன ஆட்டம் மாதிரி வருமா?" ராமநாதபுரம் பக்கம் ஹாக்கி மேட்ச் நடக்கும் மைதானத்து ஓரத்தில் நின்றால், இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை மதுரையிலும் சென்னையிலும் நடந்தபோதும் இதே கேள்விதான். 2001-லும் 2016-லும் கோப்பையைத் தூக்கிய இந்திய அணிகளோடு, வெண்கலம் வென்ற இந்த அணியை எப்படி ஒப்பிடுவது?

வேறு வேறு காலத்தில் ஆடிய டீம்களை நேருக்கு நேர் மோதவிட முடியாது. ஆனால் நியாயமாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஒலிம்பிக் அணிகளை வைத்து அதைப் பார்க்கலாம் வாங்க.

முதலில் ஸ்கோரைப் பார்ப்போம்

1980 மாஸ்கோ ஒலிம்பிக். கேப்டன், தமிழ்நாட்டின் வி.பாஸ்கரன். 6 ஆட்டங்களில் இந்தியா அடித்தது 43 கோல், வாங்கியது 9 கோல். இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என வீழ்த்தி தங்கம். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவின் 8-வது தங்கம் அது. அதன்பிறகு இன்னும் தங்கம் கிடைக்கவில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக். கேப்டன், ஹர்மன்பிரீத் சிங். 8 ஆட்டங்களில் அடித்தது 15 கோல், வாங்கியது 12 கோல். கடைசி ஆட்டத்தில் அதே ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம்.

மேலோட்டமா பார்த்தா மாஸ்கோ அணிதான் பெரிசு, அதில் என்ன சந்தேகம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

எதிரில் யார் நின்றார்கள்?

ராமேஸ்வரம் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரிய வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து முதல் தடவை கடலுக்குப் போய் வரும் விசைப்படகின் மீன்பாட்டையும், மற்ற மாதத்து மீன்பாட்டையும் எடை போட்டு, "இவர்தான் கெட்டிக்கார டிரைவர்" என்று யாரும் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். கடல் எப்படி இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஹாக்கியிலும் அதே கதைதான். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1976-ல் ஹாக்கியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் வென்ற நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் மூன்றுமே மாஸ்கோவில் ஆடவில்லை. களத்தில் இருந்ததே 6 அணிகள்தான்.

இந்தியாவின் 43 கோலில் 18 கோல் தான்சானியாவுக்கு எதிராக, 13 கோல் கியூபாவுக்கு எதிராக வந்தவை. அந்த 31-ஐக் கழித்தால் மீதி 12 கோல். போலந்து, சோவியத் யூனியன், ஸ்பெயின் (இரண்டு முறை) என 4 ஆட்டங்களில் அடித்தது 12, வாங்கியது 9. வித்தியாசம் 3 கோல்.

பாரிஸில் 12 அணிகள். டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியம், வெள்ளி வென்ற ஆஸ்திரேலியா எல்லாமே இந்தியா இருந்த பிரிவில். அங்கே அடித்தது 15, வாங்கியது 12. வித்தியாசம் அதே 3 கோல்!

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. மாஸ்கோவின் 3 கோல் 4 ஆட்டத்தில் வந்தது, பாரிஸின் 3 கோல் 8 ஆட்டத்தில் வந்தது. ஆனால் 43-க்கும் 15-க்கும் இடையே தெரிந்த மலை-மடு வித்தியாசம் இப்போ இல்லை.

விதியும் மாறிப்போச்சு

அப்போது ஓர் ஆட்டம் 70 நிமிடம். இப்போது 15 நிமிடமாக 4 பகுதி, மொத்தம் 60 நிமிடம். பலமான அணிகளோடு மாஸ்கோவில் ஆடிய 4 ஆட்டங்களைக் கணக்கிட்டால் சுமார் 23 நிமிடத்துக்கு ஒரு கோல். பாரிஸில் 32 நிமிடத்துக்கு ஒரு கோல்.

1980-ல் ஆஃப்சைடு விதி இருந்தது, 1990களில் அதை நீக்கிவிட்டார்கள். வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் விதி வந்ததும் 1990களில்தான். அதனால் இன்றைய ஆட்டத்தின் வேகமே வேற. தரையும் முக்கியம். 1976 முதல் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. புல்தரையில் பழகிய இந்தியா அந்த ஆண்டு 7-வது இடத்துக்குப் போனது. அதே மாதிரியான தரையில் 4 வருஷத்தில் எழுந்து வந்த அணிதான் மாஸ்கோ அணி.

அப்போ யார் பெஸ்ட்?

பட்டம் என்று பார்த்தால் மாஸ்கோ. வராத அணிகளுக்கு அந்த வீரர்கள் பொறுப்பல்ல. வந்தவர்களை ஒரு தோல்வி கூட இல்லாமல் சமாளித்தார்கள். தாண்டிய தடையின் உயரம் என்று பார்த்தால் பாரிஸ். காலிறுதியில் ரெட் கார்டால் ஒருவரை இழந்து, 40 நிமிடத்துக்கும் மேல் 10 பேரோடு ஆடி, பிரிட்டனை ஷூட் அவுட்டில் வென்றது. ஒலிம்பிக்கில் 52 ஆண்டுகளுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்ததும் இந்த அணிதான்.

உங்க ஊர் டீமுக்கும் இதே கணக்குதான்

முதலமைச்சர் கோப்பை, குடியரசு தின விளையாட்டு என்று பள்ளி அணிகள் ஆடும்போது, போன வருஷ ஸ்கோரைச் சொல்லி இந்த வருஷ பசங்களைத் திட்டுவது சகஜம். அதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்க: எத்தனை அணிகள் வந்தன? அதில் பலமானவை எத்தனை? பலமான அணிகளோடு மட்டும் ஸ்கோர் என்ன? மண் தரையா, டர்ஃபா?

மண்ணில் பழகிய பசங்க டர்ஃபில் இறங்கும்போது பந்து வரும் வேகமே புதுசு. அங்கே 0-2 என்று தோற்ற அணி, உள்ளூரில் 8-0 ஜெயித்த பழைய அணியைவிட நல்ல அணியாக இருக்கலாம். ஸ்கோர் போர்டை மட்டும் பார்த்து ஒரு பையனை "இவன் தேற மாட்டான்" என்று ஒதுக்கினால், அவன் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவான். அந்த நஷ்டம் எந்த ஸ்கோர் போர்டிலும் தெரியாது.