மிதித்தால் மேலெழும் கடதாசி வாணம்

‘ரொக்கெட்’ என்ற சொல்லை நமது தாய்மார் பலர் விரும்புவதில்லை. காரணத்தை நாம் விளக்கத் தேவையில்லை. 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் சொல். பெற்றோருக்கோ பதுங்குகுழியை நினைவூட்டும் சொல். ஆகவே இங்கே கடதாசி வாணம் என்றே எழுதுகிறோம். இதில் வெடிமருந்து இல்லை, நெருப்பும் இல்லை. மேலே தூக்குவது வெறும் காற்று.

தேவையான பொருட்களில் காசு கொடுத்து வாங்க வேண்டியவை குறைவு. ஒன்றரை அல்லது இரண்டு லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று, பழைய சைக்கிள் ரியூப், அரை அங்குல எஸ்லோன் பைப் இரண்டு அடி, ஒட்டும் ரேப், எழுதி முடித்த கொப்பித் தாள்கள். பூச்சிமருந்து, களைநாசினி வந்த போத்தலை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்த வேண்டாம். நசுங்கிய போத்தலை மீண்டும் உப்பவைக்கப் பிள்ளைகள் பைப்பில் வாய் வைத்து ஊதுவார்கள். இந்த விடயத்தில் எந்தச் சமாதானமும் சொல்லக் கூடாது.

ரியூபில் வால்வு உள்ள பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஒன்றரை அடி நீளத் துண்டு எடுங்கள். அதன் ஒரு நுனியைப் போத்தலின் கழுத்திலும் மறு நுனியைப் பைப்பிலும் செருகி, ரியூபிலேயே வெட்டிய வாரினால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். சைக்கிள் கரியரில் விறகு கட்டுபவர்களுக்கு இந்தக் கட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பைப்பைச் சற்றுச் சரிவாக ஒரு கட்டையோடு கட்டி நிறுத்துங்கள். போத்தல் தரையில் படுத்திருக்கட்டும். ரியூப் எங்கேயும் மடிந்து நெரிந்தால் காற்றுப் போகாது.

இனி வாணம். கொப்பித் தாளைப் பைப்பில் நேராக இறுக்கிச் சுற்றினால் அது கழன்று வராது. முதலில் ஒரு தாளைச் சுற்றி, அதன் மேல் இன்னொரு தாளைச் சுற்றி ஒட்டுங்கள். பின்னர் உள்ளே இருக்கும் தாளை இழுத்தெடுங்கள். இப்போது குழல் தாராளமாக வழுக்கும். மேல் நுனியை மடித்து, காற்றுக் கசியாதபடி ரேப்பால் மூடுங்கள். இதில்தான் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். நுனி கசிந்தால் வாணம் இரண்டு அடிகூட எழும்பாது. அடிப்பகுதியில் பழைய கலண்டர் மட்டையில் வெட்டிய மூன்று செட்டைகளை ஒட்டுங்கள்.

போத்தலை மிதித்தவுடன் உள்ளே இருக்கும் காற்று நெருங்குகிறது. ஒரு மூடிய பாத்திரத்தில் உள்ள காற்றைப் பாதி இடத்துக்குள் அடக்கினால் அதன் அழுத்தம் இரட்டிப்பாகும். இதை றொபேட் பொயில் என்பவர் 1662 இல் எழுதி வைத்தார். தோளில் சுமந்து மருந்தடிக்கும் தெளிகருவியின் கைபிடியை ஆட்டும்போதும் இவ்வாறே காற்று நெருங்கித் திரவத்தைத் தள்ளுகிறது. தோட்டம் செய்த தகப்பன்மார் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். காணி கைவிட்டுப் போனாலும் அந்த அறிவு போகவில்லையே!

செட்டை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். செட்டை இல்லாத ஒன்றையும் ஏவச் சொல்லுங்கள்; அது குத்துக்கரணம் அடித்து விழும். பின்பக்கம் செட்டை இருந்தால் எதிர்க்காற்று வாலைப் பின்னுக்கே பிடித்துவைத்து, நுனியை முன்னே செல்ல விடும். அடுத்து, பைப்பின் சரிவை மாற்றி மாற்றி ஏவி, விழுந்த தூரத்தைக் கவட்டால் அளந்து கொப்பியில் எழுதட்டும். காற்றின் தடை இல்லாவிட்டால் 45 பாகையில்தான் அதிக தூரம் போகும். கடதாசி இலேசானதால் அதற்குச் சற்றுத் தாழ்ந்த சரிவு கூடுதல் தூரம் தருவதும் உண்டு. பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்துக் கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்தப் பட்டியல் ஒரு வாரப் பாடத்துக்குச் சமம் என்பது நமது எண்ணம்.

மிதிக்கும்போது போத்தல் ‘டப்’ என்று சத்தமிடும். சத்தத்துக்கு அஞ்சுபவர்கள் முகாமிலும் குடியேற்றத்திலும் இருப்பார்கள். அயலவர்களுக்கு முன்னரே சொல்லுங்கள். அஞ்சும் பிள்ளையை முதலில் வெறும் போத்தலைத் தானே மிதித்துப் பார்க்க விடுங்கள். காலை இழந்த பிள்ளையை ஒதுக்கிவைக்க வேண்டாம். போத்தலை ஒரு வாங்கில் வைத்தால் இரு கைகளாலும் குத்தி ஏவலாம்.

ஏவும் இடத்தைப் பெரியவர்களே தெரிவுசெய்ய வேண்டும். விழுந்த வாணத்தைத் தேடிப் பிள்ளைகள் கண்மூடித்தனமாக ஓடுவார்கள். மிதிவெடி அபாயப் பலகை உள்ள காணிக்கு அருகிலோ, துப்புரவு செய்யப்படாத பற்றைக்கு அருகிலோ வேண்டவே வேண்டாம். விளையாட்டு மைதானம், அறுவடை முடிந்த வயல் நல்லவை. எல்லைக்கு அப்பால் விழுந்ததை எடுக்கப் போகக் கூடாது என்ற விதியை முதலிலேயே பேசுங்கள். இன்னொரு தாள் சுற்றப் பத்து நிமிடம் போதும். பற்றையில் அறியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

நுனியில் ஆணி, கல் எதையும் வைக்கக் கூடாது. பைப்பின் வாய்க்கு மேல் எவரும் குனியக் கூடாது. நன்றாக ஒட்டிய வாணம் தென்னை உயரத்துக்குப் போகும். பல தடவை மிதித்தபின் போத்தல் மடிப்பில் வெடிக்கும். அப்போது தேநீர்க்கடையில் இன்னொரு போத்தல் கேட்டு வாங்கி, அதே ரியூபில் கட்டிக்கொள்ளுங்கள்.