‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள்

காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோரின் துன்பம் பெரும்பாலும் பிறர் கண்ணுக்குத் தெரியாதது. மாவுக்கட்டுப் போட்ட கையைக் கண்டால் பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். காது இரைச்சலுக்கும் தலைச்சுற்றலுக்கும் எவரும் எழுவதில்லை. ‘வீட்டில் யாரும் நம்பவில்லை, டாக்டர், ஒன்றுமில்லை என்கிறார்கள்’ என்னும் சொற்களோடுதான் பலர் எங்கள்முன் அமர்கிறார்கள். அவர்களிடமிருந்து நாங்கள் அறிந்த சிலவற்றை நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

படுக்கையில் புரண்டதும் அறையே சுழல்கிறது என்போர் பலர். பித்தம் என்றும் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றும் நெடுநாள் மாத்திரை உண்டபின் வருவோரும் உளர். இவர்களில் பலருக்குக் காரணம், உட்செவியில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் புகுந்துவிடுவதே. தலையையும் உடலையும் முறைப்படி திருப்பி அத்துகள்களை வெளியேற்றும் ‘எப்ளி’ முறைக்குச் சில நிமிடங்கள் போதும். ‘மருந்து எதுவும் எழுதவில்லையே?’ என்று ஐயத்தோடு கேட்பவர்கள், அடுத்த முறை நிம்மதியாக உறங்கியதைச் சொல்ல வருகிறார்கள். இது மீண்டும் வரக்கூடும். வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறல், முகம் கோணுதல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது எங்கள் பிரிவில் வரிசையில் நிற்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

‘மூக்கில் குழாய் விடுவார்களாமே?’ என்பது அடுத்த அச்சம். அந்த அகநோக்கி பென்சிலைவிட மெல்லியது. மரத்துப்போகும் மருந்தை முதலில் தெளித்துவிடுவதால் வலியைவிட ஓர் அழுத்தமே மிகுதியாக உணரப்படும். வாயால் சீராக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். மரப்பு நீங்கும்வரை உண்பதும் பருகுவதும் கூடாது, புரையேறிவிடும். 1854-ஆம் ஆண்டு மானுவேல் கார்சியா என்னும் இசை ஆசிரியர் கண்ணாடிகளின் துணையால் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இன்று எங்கள் நோயாளிகள் அவற்றைத் திரையில் காண்கிறார்கள். கண்டபின் பலருக்கு அச்சம் பாதியாகிறது.

இந்த அச்சத்தால் காலம் தாழ்த்துவதே எங்களுக்குக் கவலை தருவது. குரல் கம்மல் மூன்று வாரங்களைக் கடந்தும் நீடித்தால், குறிப்பாகப் புகை, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள், தொண்டையைக் காட்டியே ஆக வேண்டும். குரல்நாணில் தோன்றும் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் கதிர்வீச்சு அல்லது லேசர் சிகிச்சையால் குரலைக் காத்தபடியே குணப்படுத்த வாய்ப்பு மிகுதி. முற்றிய நிலையில் குரல்வளையையே அகற்ற நேரிடலாம். அவ்வாறே, ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால் ‘தண்ணீர் புகுந்திருக்கும், எண்ணெய் விட்டால் சரியாகும்’ என்று காத்திருக்க வேண்டாம். அது நரம்பு சார்ந்த கேளாமையானால், ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களில் தொடங்குவதே நல்லது. இரு வாரங்கள் கடந்தால் பயன் குறைந்துகொண்டே போகும்.

இறுதியாக, முதியோர் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. அது காதைப் பற்றியதன்று. ‘எல்லாரும் சிரிக்கிறார்கள், என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள்’ என்பதே அது. மருத்துவரின் அறையிலும் இதுவே நிகழ்கிறது. நாங்கள் தந்தையிடம் கேட்கும் கேள்விக்கு மகன் விடையளிக்கிறார். தந்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். அதனால் நாங்கள் நாற்காலியை அவருக்கு நேராகத் திருப்பி, முகக்கவசத்தை இறக்கி, தேவையானால் தாளில் எழுதிக் காட்டுகிறோம்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். உரக்கக் கத்துவதால் சொற்கள் சிதைகின்றனவேயன்றித் தெளிவதில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே அமர்ந்து, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லையெனில் அதையே வேறு சொற்களில் சொல்லுங்கள். காதுகேள் கருவி வாங்கிய முதல் நாளே பழைய செவி திரும்பிவிடாது. மூளை அதற்குப் பழகச் சில வாரங்களாகும். அதுவரை மேசை இழுப்பறைக்குள் அது போய்விடாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தாரின் பொறுப்பு.

அடுத்த முறை வரும்போது பழைய கேட்டல் பரிசோதனைத் தாள்களையும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். கருவி இருந்தால் காதில் அணிந்தே வாருங்கள். உங்களைத் துன்புறுத்துவது எதுவாயினும், அது எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும், தயங்காமல் சொல்லுங்கள். அதை ‘ஒன்றுமில்லை’ என்று ஒதுக்குவதற்குமுன் பார்த்தறிவது எங்கள் கடமை.