மேலாளரை மாற்றினால் அணி மீளுமா?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகம், 2024 அக்டோபர் 28 அன்று தன் மேலாளர் எரிக் டென் ஹாகைப் பதவிநீக்கம் செய்தது. அப்போது 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக் பட்டியலில் அந்த அணி 14-ஆவது இடத்தில் இருந்தது. அடுத்து வந்த ரூபன் அமோரிமின் தலைமையில் 2025 மே மாதம் பருவம் முடிந்தபோது அணி நின்ற இடம் 15. மொத்தம் 38 ஆட்டங்களில் 18 தோல்விகள், 42 புள்ளிகள். 1974-இல் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டதற்குப் பின் அக்கழகம் கண்ட மிக மோசமான நிலை இதுதான்.

அணியின் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என்று அழைப்பது இங்கிலாந்தின் மரபு. ஆடும் 11 பேரைத் தேர்ந்தெடுப்பதும், உத்தியை வகுப்பதும், தோற்றுவிட்டால் செய்தியாளர்கள் முன் அமர்ந்து விளக்கம் சொல்வதும் அவர் பொறுப்பு. தோல்வி தொடர்ந்தால் அரங்கில் இருக்கும் ரசிகர்களின் சினம் முதலில் அவர் மீதுதான் பாயும். இது இயல்பே. ஆனால், அந்தச் சினத்தால் பயனடைபவர் யார் என்பதைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

2013-இல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு, டேவிட் மோயஸ், லூயி வான் ஹால், ஜோசே மொரினியோ, ஒலே குன்னார் சோல்ஷேர், டென் ஹாக் என ஐந்து நிரந்தர மேலாளர்களை அக்கழகம் நியமித்தது. ஐவருமே ஒப்பந்தக் காலம் முடியும் முன் அனுப்பப்பட்டவர்கள். மோயஸுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு. அவர் பணியில் இருந்ததோ பத்து மாதங்கள். வான் ஹால் எஃப்.ஏ. கோப்பையை வென்று கொடுத்த இரண்டாம் நாளே வெளியேற்றப்பட்டார். ஒவ்வொரு முறையும் புதியவர் வருவார், நம்பிக்கை துளிர்க்கும், சில வெற்றிகள் கிட்டும், பிறகு பழைய தளர்ச்சியே திரும்பும்.

அப்படியானால் மேலாளரை மாற்றினால் பலன் கிடைக்கும் என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது? காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மந்திரித்த கயிற்றைக் கட்டினால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கயிறு கட்டாவிட்டாலும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆனால், பெருமை கயிற்றுக்குப் போய்விடும். மேலாளர்கள் நீக்கப்படுவதும் எப்போதும் அணி தன் வழக்கமான தரத்தைவிடக் கீழே கிடக்கும் நேரத்தில்தான். அடுத்துச் சற்று மேலே வருவது இயற்கை. சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் இதைச் சொல்வார்கள்.

நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல், தம் நாட்டு முதல்நிலைக் கால்பந்துப் போட்டிகளின் 1986 முதல் 2004 வரையிலான தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தார். சரிவு காலத்தில் மேலாளரை நீக்கிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் மேலாளரை நீக்காமல் பொறுத்த அணிகளையும் அவர் ஒப்பிட்டார். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மீண்டன. நீக்கியதால் தனிப் பலன் எதுவும் தென்படவில்லை.

உடனே பொறுமையே மருந்து என்று சிலர் கூறுவர். அவர்கள் காட்டும் சான்று ஃபெர்குசன். 1986 நவம்பரில் பொறுப்பேற்ற அவருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு கோப்பையும் இல்லை. மூன்றாண்டுச் சாக்குப்போக்கு போதும், போய் வாருங்கள் என்ற பொருளில் 1989 டிசம்பரில் ஒரு ரசிகர் அரங்கிலேயே பதாகை பிடித்தார். நிர்வாகம் அசையவில்லை. 1990-இல் எஃப்.ஏ. கோப்பை வந்தது, 1993 முதல் 2013 வரை 13 லீக் பட்டங்கள் வந்தன. பொறுமைக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆனால், அந்தக் கதையின் முதல் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ஃபெர்குசனுக்கு இடம் கிடைத்ததே, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற ரான் அட்கின்சனை இடைப்பருவத்தில் நீக்கியதால்தான். பொறுமையால் விளைந்த வெற்றி என்று கொண்டாடப்படுவது, பொறுமையிழந்த ஒரு முடிவிலிருந்தே தொடங்கியிருக்கிறது. மேலும், மூன்றாண்டு அவகாசம் பெற்றும் தோற்றுப்போன மேலாளர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தப்பிப் பிழைத்தவரை மட்டும் எண்ணி விதி வகுப்பது தவறான கணக்கு.

மேலாளர் ஒரு பொருட்டே அல்ல என்று நான் சொல்ல வரவில்லை. அவரைவிட வலிமையான காரணிகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது வீரர்களின் ஊதியச் செலவு. ஸ்டீஃபன் சிமான்ஸ்கி 1978 முதல் 1997 வரை இங்கிலாந்தின் 40 கழகங்களை ஆராய்ந்தபோது, லீக் பட்டியலில் அவை பெற்ற இடங்களின் வேறுபாட்டில் 92 விழுக்காட்டை ஊதியச் செலவைக் கொண்டே விளக்க முடிந்தது. நீண்ட காலத்தில், கொடுத்த கூலிக்கேற்ற இடமே அணிக்குக் கிட்டுகிறது.

இந்த அளவுகோலின்படி மான்செஸ்டர் யுனைடெட் ஒரு புதிர். ஊதியத்தை வாரி வழங்கும் கழகங்களில் அது முன்வரிசையில் இருப்பது. அப்படிப்பட்ட அணி 15-ஆவது இடத்தில் நின்றால், பணம் போதவில்லை என்று சொல்ல முடியாது. பணம் போன இடம் சரியில்லை என்றே கொள்ள வேண்டும். 2022-இல் அயாக்ஸ் அணியிலிருந்து ஆன்டனி என்ற பிரேசில் வீரரை 8 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அவரை ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்கு இரவல் கொடுக்க நேர்ந்தது. மேலாளர் மாற்றத்தின் உண்மையான செலவும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. டென் ஹாகுக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் தரப்பட்ட இழப்பீடு சுமார் 1 கோடியே 4 லட்சம் பவுண்டு என்பது கணக்கில் தெரிகிறது. ஆனால், அவருடைய உத்திக்காக வாங்கிய வீரர்கள், மூன்று நடுத் தடுப்பாட்டக்காரர்களைக் கொண்டு ஆடும் அமோரிமின் உத்திக்குப் பொருந்தாமல் போனதன் நட்டத்தை எந்த ஏட்டிலும் காண முடியாது. இத்தனைக்கும், அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் டென் ஹாகின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்திருந்தார்கள். நீட்டித்ததும் நீக்கியதும் ஒரே நிர்வாகம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய ‘வெளியேற்றம், குரல், விசுவாசம்’ என்ற நூலின் கருத்து இங்கே பெரிதும் துணைசெய்யும். ஒரு நிறுவனத்தின் தரம் தாழும்போது வாடிக்கையாளர் முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேறு கடைக்குப் போவது. மற்றது, அங்கேயே நின்று குரல் எழுப்புவது. விசுவாசம் முதல் வழியைத் தாமதப்படுத்துகிறது. வகுப்பறையில் இதை விளக்க ரயில், தபால் துறைகளையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். கால்பந்துக் கழகம் அவற்றைவிடப் பொருத்தமானது. சோப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு சோப்பு வாங்கலாம். யுனைடெட் தோற்கிறது என்பதற்காக அதன் ரசிகர் மான்செஸ்டர் சிட்டிக்கு மாறுவாரா? பாட்டன் காலத்திலிருந்து வரும் பற்றை அப்படிக் கைகழுவ முடியாது.

போகமாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரை எந்த வணிகரும் பொருட்படுத்துவதில்லை. 2024 நவம்பரில், பருவத்தின் நடுவே, மீதமிருந்த நுழைவுச்சீட்டுகளின் விலையை 66 பவுண்டு என யுனைடெட் நிர்ணயித்தது. அதுவரை மிகக் குறைந்த விலை பெரியவர்களுக்கு 40, சிறுவர்களுக்கு 25 பவுண்டு. புதிய விலையில் சிறுவருக்கும் முதியோருக்கும் சலுகை இருக்கவில்லை. அணி தேறவில்லை, சீட்டின் விலை மட்டும் தேறியது.

குரல் மட்டுமே மிஞ்சிய நிலையில், அந்தக் குரல் யாரை எட்டும் என்பதே வினா. உரிமையாளரைப் பதவிநீக்கம் செய்ய ரசிகர்களால் இயலாது. இயக்குநர் குழு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வாரந்தோறும் ஆடுகள விளிம்பில், எல்லோர் பார்வையிலும் நிற்பவர் மேலாளர் ஒருவரே. அவரை நீக்கினால் ஏதோ நடந்துவிட்டது என்ற நிறைவு உண்டாகிறது. நிர்வாகத்துக்கு இன்னும் ஓரிரு ஆண்டு அமைதி கிடைக்கிறது. இழப்பீடாகத் தரும் தொகையை இந்த அமைதிக்கான விலையாகப் பார்த்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடமையாகத் தோன்றும் முடிவு, உள்ளே இருப்பவருக்குச் சிக்கனமான முடிவாகவே இருக்கும்.

யுனைடெட் ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதை முன்பே உணர்ந்தனர். 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் கழகத்தை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெருந்தொகை கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. ஒருவருடைய வீட்டை அவர் வருமானத்தைக் காட்டியே கடன் வாங்கி வாங்கிவிட்டு, தவணையையும் அவரையே கட்டச் சொல்வது போன்றது இது. எதிர்ப்பாளர்கள் சிலர் அதே ஆண்டில் வெளியேறி, எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற புதிய கழகத்தைத் தொடங்கினர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்பது அதன் விதி. உள்ளேயே தங்கியவர்கள், கழகத்தின் ஆதி வடிவமான நியூட்டன் ஹீத் ரயில்வே தொழிலாளர் அணியின் பச்சை, பொன்னிறக் கழுத்துத்துண்டுகளை 2010-இல் அணிந்து எதிர்ப்பைக் காட்டினர்.

சினம் உரிமையாளரை நேரடியாக எட்டிய தருணங்களும் உண்டு. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியை 12 பெருங்கழகங்கள் அறிவித்தன. அவற்றில் ஆறு இங்கிலாந்தைச் சேர்ந்தவை. ரசிகர்கள் கொதித்தெழ, இரண்டே நாளில் அந்த ஆறும் பின்வாங்கின. அடுத்த மாதம் ஓல்ட் டிராஃபோர்ட் அரங்குக்குள் ரசிகர்கள் நுழைந்ததால், லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. அத்துமீறி நுழைந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், 2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறி, கழகங்களைக் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவானதற்கு அந்தக் கொதிப்பு ஒரு முக்கியத் தூண்டுதல். உரிமையாளராகத் தகுதி உள்ளவர் யார் என்பதை இனி அந்த அமைப்பு சோதிக்கும். கழகத்தின் சின்னம், நிறம் போன்றவற்றை ரசிகர்களை மீறி மாற்ற முடியாது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2022-இல் தொடங்கிய மூன்றாண்டு ஒப்பந்தச் சுற்றில், பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு ஒளிபரப்பு வருவாய் முதன்முறையாக உள்நாட்டு ஒளிபரப்பு வருவாயை விஞ்சியது. சென்னையிலும் கோவையிலும் நள்ளிரவு வரை கண்விழித்து ஆட்டம் பார்க்கும் இளைஞர்களின் சந்தாவும் அதில் அடக்கம். தொலைவில் இருக்கும் நமக்கு, சலித்தால் வேறு அலைவரிசைக்குப் போகும் வசதி இருக்கிறது. காசு கொடுத்து மழையில் அமர்ந்திருப்பவருக்கு இல்லை. மேலாளரை நீக்கு என்று சமூக ஊடகங்களில் இங்கிருந்து எழும் கூச்சல், அரங்கில் இருப்போரின் உரிமைக் குரலை அமுக்கிவிடக்கூடும்.

2025 மார்ச் 9 அன்று, ஆர்சனலுடனான ஆட்டத்துக்கு முன், யுனைடெட் ரசிகர்கள் கறுப்பு உடையில் அரங்கை நோக்கி ஊர்வலம் போனார்கள். அணி அப்போது பட்டியலின் கீழ்ப்பாதியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அவர்களின் முழக்கம் அமோரிமைக் குறிவைக்கவில்லை. கிளேசர் குடும்பத்தையே வெளியேறச் சொன்னது.