குளிரா, வேகமா?

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் குடும்பங்களில் மோட்டார் கார் இன்று அபூர்வப் பொருளன்று. சாலைக் கடைத்தெருவில் வாணிபம் செய்யும் தந்தையும், டெக்னோபார்க்கில் பணிபுரியும் மகனும் ஒரே காரைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் பல உண்டு. அத்தகைய வீடுகளில் எழும் ஒரு வழக்கைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். கார் வாங்கி எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். ஏ.ஸி. முன்போல் குளிர்ச்சி தருவதில்லை. ஓணத்தையோ தீபாவளியையோ ஒட்டிக் கையில் சிறிது பணம் வந்திருக்கும். அதைக் கொண்டு ஏ.ஸி.யைப் பழுதுபார்ப்பதா, அன்றி இயந்திரத்தின் வலிவைக் கூட்டும் உறுப்புகளை வாங்கிப் பூட்டுவதா என்பதே வழக்கு. பெரியவர்கள் ஒரு கட்சி. இளைஞர்கள் மறு கட்சி. நாம் பெரியவர்கள் கட்சியையே சேர்கிறோம். ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அன்று.

‘ஏ.ஸி. ஒரு சுகம், அது இல்லாமலும் வாழ்ந்தோம்’ என்று தொடங்கும் பேச்சு இவ்வூருக்குப் பொருந்தாது. திருநெல்வேலியில் சித்திரை வெயில் சுட்டெரித்தாலும் காற்று வறண்டிருக்கும். வியர்வை உடனே உலர்ந்துவிடும். இங்கே கடற்காற்றில் ஈரம் மிகுதி. வெப்பமானி 33, 34 பாகை காட்டும் நாளிலும் வியர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கிறது. வியர்வை உலர்ந்தாலன்றி உடல் குளிராது. சன்னலைத் திறந்துவைத்தால் ஓடும்போது காற்று வரும்; பாலராமபுரம் சந்திப்பில் வண்டி நிற்கும்போது புகைதான் வரும். (கதவடைத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் வெப்பம் வெளியிலிருப்பதைவிட 15 பாகைக்கு மேல் ஏறிவிடும். கடைக்குப் போய்வர ஐந்து நிமிடந்தானே என்று குழந்தையை உள்ளே விட்டுச் செல்வோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.)

இதனினும் பெரிய காரணம் மழை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கும் ஊர் இது. சன்னல்களை அடைத்துக்கொண்டு ஐவர் அமர்ந்து செல்லும் காரில், அவர்கள் விடும் மூச்சும் நனைந்த உடைகளும் உள்ளிருக்கும் காற்றை ஈரமாக்குகின்றன. மழையால் குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் பனிபோல் படிகிறது. ஓட்டுபவர் ஒரு கையால் துணிகொண்டு துடைத்தவாறு, எதிரே வரும் லாரியின் விளக்கை ஊகித்து ஓட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஏ.ஸி. இயங்கினால் காற்றிலுள்ள நீர் கூலிங் காயிலில் படிந்து, குழாய் வழியே காரின் அடியில் சொட்டிவிடும். இரண்டொரு நிமிடத்தில் கண்ணாடி தெளியும். ஆகவே இங்கே அது குளிரூட்டும் கருவி மட்டுமன்று, பார்வைக் கருவியுமாகும். சில இரவுகளில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி படிவதுண்டு. அது கண்ணாடி மிகுதியாகக் குளிர்ந்ததன் விளைவு. அப்போது குளிர்ச்சியைக் குறைத்து வைப்பரை ஓட்டினால் போதும்.

கரமனையில் வசிக்கும் ஓர் அன்பர் வீட்டில் இவ்வழக்கு நடந்தபோது உடனிருக்க நேர்ந்தது. சித்திரையில் ஊரில் அம்மன் கொடை. மூச்சுத் தொல்லையுள்ள ஆச்சியை நாகர்கோவிலுக்கு அப்பால் ஆரல்வாய்மொழி கடந்து அழைத்துச்செல்ல வேண்டும். மகன், “அப்பா, ஆரியங்காவு மலைப்பாதையில் ஏ.ஸி. போட்டால் வண்டி இழுப்பதே இல்லை. இஞ்சினைச் சரிசெய்தால் இரண்டுக்கும் பயன்படும்” என்றான். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிதான், “எனக்கு வேகம் வேண்டாமய்யா, மூச்சு முட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு” என்றார்.

மகன் சொன்னதிலும் உண்மை உண்டு. ஏ.ஸி.யின் கம்ப்ரஸர் இயந்திரத்தின் வலிவில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டே சுழல்கிறது. சிறிய பெட்ரோல் காரில் இக்குறை மலையேற்றத்தில் நன்கு தெரியும். ஆனால் பத்தாண்டு ஓடிய வண்டி இழுக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், வழுக்கும் கிளட்ச், காற்றுக் குறைந்த டயர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்வது வலிவைக் கூட்டுவதன்று, இழந்ததை மீட்பது. டர்போ இல்லாத சிறிய இயந்திரத்தில் கணினி நிரலை மாற்றி எழுதினாலும், சைலன்ஸரை மாற்றினாலும் கிடைப்பது சில குதிரைத்திறனே. ஓசை மட்டும் மிகும்; ஓசை மிகுந்ததை வேகம் மிகுந்ததாகக் காது எண்ணிக்கொள்ளும். டர்போ உள்ள டீசல் வண்டியில் ஆதாயம் கூடுதல்தான். ஆனால் கூடிய வலிவைத் தாங்கும்படி கிளட்சும் கியரும் அமைக்கப்பட்டிருக்கவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. இது பற்றி எழுந்த வழக்கொன்றில் கேரள உயர் நீதிமன்றம் சற்று இளக்கம் காட்டியிருந்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9ஆம் நாள் மாற்றிவிட்டது. அவ்வாண்டிலேயே திருத்தப்பெற்ற சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி தனக்குத் தெரிவிக்கப்படாத மாற்றத்தைச் சுட்டி இழப்பீட்டை மறுக்கவும் கூடும். வேகத்தில் உண்மையான ஆர்வமுடைய இளைஞர் கோயமுத்தூருக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயையோ, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தையோ ஒருமுறை பார்த்து வரலாம். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோயமுத்தூர்க்காரரே. அவ்விளையாட்டுக்குரிய இடம் தடம். பாலராமபுரத்தில் வண்டிகள் ஊரும் வேகத்துக்குச் சன்னல் வழியே கைத்தறி வேட்டி விலை பேசி முடித்துவிடலாம்.

இனி, ஏ.ஸி.யைப் பழுதுபார்ப்பதிலும் பணம் வீணாகும் வழிகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது, குளிர்ச்சி குறைந்ததும் ‘கேஸ் நிரப்பித் தாருங்கள்’ என்று சொல்வது. கேஸ் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் குழாய்கள் வழியே பல ஆண்டுகளில் சிறிது கசியலாம். ஆனால் ஒரே கோடையில் குறைந்துவிட்டதெனில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த மாதம் மீண்டும் பட்டறைக்குப் போக வேண்டும். இன்னொரு தீங்கும் உண்டு. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெயைக் கேஸ்தான் சுமந்து செல்கிறது. கேஸ் குறைந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கம்ப்ரஸர் எண்ணெயின்றித் தேய்ந்து, அதன் உலோகத் துகள்கள் குழாய்கள் எங்கும் பரவிவிடும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை பன்மடங்காகப் பெருகும்.

எனவே பட்டறையில் கேட்க வேண்டியது, ‘எங்கே கசிகிறது?’ என்பது. நைட்ரஜனை அழுத்தி ஏற்றியும், ஒளிரும் சாயத்தைச் செலுத்தியும் இதைக் கண்டறிவர். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால் அதுவே அடையாளம். கடலோர ஊர்களில் காரின் முகப்பிலுள்ள கண்டென்சர் உப்புக் காற்றால் அரிக்கப்படுகிறது. கல் பட்டும் துளைபடுகிறது. அதை மாற்றுவது ஓரளவு எளிது. கூலிங் காயில் கசிந்தாலோ டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், கூலி மிகும். குழாய்களைத் திறந்து வேலை செய்தால் உடன் டிரையரையும் மாற்றி, வெற்றிடம் ஏற்படுத்திய பின்பே கேஸ் ஏற்ற வேண்டும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தில் பிடித்துக்கொள்ளும் பட்டறையே நல்ல பட்டறை. இன்றும் பல கார்களிலுள்ள ஆர்-134ஏ என்னும் கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,400 கிலோ கரியமில வாயு தரும் வெப்பத்துக்கு அது சமமாகும்.

செலவு மிகவும் குறைவான குறைகளும் உண்டு. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது குளிராவிட்டால் கண்டென்சர் விசிறியைப் பார்க்க வேண்டும். காற்றே மெல்ல வந்தால் கேபின் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பல கார்களில் அது இடப்பக்க இருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டியின் பின்னால் இருக்கிறது, நாமே கழற்றலாம்.

கரமனை அன்பரின் காரில் கண்டென்சரே துளைபட்டிருந்தது. அதையும் டிரையரையும் மாற்றினர். எஞ்சிய பணத்துக்கு மகன் தேர்ந்த நான்கு டயர்கள் வந்தன. பழையவை தேய்ந்து வழவழத்திருந்தன என்பதைத் தந்தையும் அப்போதுதான் குனிந்து பார்த்தார். கண்ணாடிகளுக்கு வெப்பம் தடுக்கும் படலம் ஒட்டுவது பற்றியும் பேச்சு வந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் படலங்களைத் தடுத்திருந்தது. பின்னர் விதி திருத்தப்பெற்றதை ஒட்டி, முன்பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவுமானால் தரமுத்திரை பெற்ற படலம் ஒட்டலாம் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆயினும் அன்பர் எல்லை கடந்து தமிழ்நாட்டுக்கும் அடிக்கடி செல்பவர். களியக்காவிளைக்கு அப்பால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க மனமின்றி, வெயிலில் நிறுத்தும்போது முகப்பில் விரிக்க ஒரு தடுப்புத் தட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்.