உதட்டை முந்தும் குரல்

டப்பிங் சீரியலில் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போனால், வெற்றிலை மடித்துக்கொண்டே பார்க்கும் பாட்டிகூடக் கண்டுபிடித்துவிடுவார். எவ்வளவு பிசகினால் கண்டுபிடிப்பார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, குரல் படத்தை 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவருக்கு உறுத்த ஆரம்பிக்கிறது. பிந்தினாலோ 125 மில்லிவிநாடி வரை கண்டுகொள்வதில்லை. நம் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிவிநாடி. ஆக, முந்தினால் ஒரு ஃப்ரேமுக்கு மேல் சலுகை இல்லை. பிந்தினால் மூன்று ஃப்ரேம் வரை மன்னிப்பு உண்டு.

ஏன் இந்த ஓரவஞ்சனை? குளத்தின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துணி கல்லில் விழுந்த பிறகுதான் அடி நம் காதுக்கு வரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகர்கிறது. ஒளிக்கு அது ஒரு தூரமே இல்லை. இயற்கையில் சத்தம் தாமதமாக வரலாம், காட்சிக்கு முன்னால் வராது. அதற்கே பழகிய மூளை, முந்தும் குரலைப் பொய் என்று தள்ளுகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். டப்பிங் முடிந்த வசனத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டிருக்கும் ஒலி எடிட்டர், உண்மையில் நரம்பியலோடுதான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

அந்த 25 என்ற எண்ணும் சும்மா வரவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் பாதி 25. பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகிறது. அதன் கீழே படமெடுக்கும் கேமராவின் ஷட்டரை 1/50 விநாடியில் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு வெளிச்சம் கிடைக்கும். அமெரிக்க யூடியூப் பாடத்தைப் பார்த்து 1/60-இல் வைத்தால் சுவரில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். அவர்கள் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்.

இன்டர்ன்ஷிப்புக்கு வரும் விஸ்காம் மாணவர்களுக்குக் கேமரா மீதுதான் கண். முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். எடிட்டிங்கில் பரவலாகப் புழங்கும் புரோரெஸ் 422 ஹெச்க்யூ வடிவில் ஒரு மணி நேர ஹெச்டி காட்சி 80 ஜி.பி.யைத் தாண்டும். இரண்டு டிஸ்க்கிலாவது நகல் எடுத்து, பிட் பிசகாமல் வந்திருக்கிறதா என்று செக்சம் பார்த்த பிறகே கேமரா கார்டை அழிக்கலாம். அலுப்பான வேலைதான். ஆனால் எடிட்டிங்கில் நடக்கும் தவறைத் திருத்திக்கொள்ளலாம். அழிந்துபோன கார்டுக்காக நடிகர்களிடம் மறுபடி கால்ஷீட் கேட்க வேண்டும்.

படத்துக்கு ஒலி சேர்க்கும் இருட்டு அறைக்குள் போனால் கதை இன்னும் சுவாரசியம். டெலிஃபோட்டோ லென்ஸ் வெகு தொலைவிலிருந்தே மிருகத்தை அருகில் காட்டிவிடும். மைக்குக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால் வனவிலங்கு ஆவணப்படங்களில் கேட்கும் காலடி ஓசைகளில் பலவும் ஸ்டூடியோவில் பிறந்தவை. பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோளமாவு, எலும்பு முறிவதற்குச் செலரித் தண்டு, குதிரைக்குக் கொட்டாங்குச்சி. இந்தக் கலைக்கு ஃபோலி என்று பெயர். 1920களின் இறுதியில், படங்கள் பேசத் தொடங்கிய சமயத்தில், யுனிவர்சல் ஸ்டூடியோவில் இதைத் தொடங்கிவைத்த ஜாக் ஃபோலியின் பெயர் அப்படியே தொழிலுக்கும் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து அறையில், படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் கலரிஸ்ட். அவர் முன்னால் இருக்கும் வெக்டர்ஸ்கோப், படத்திலுள்ள நிறங்களை ஒரு வட்டத்துக்குள் புள்ளிகளாகக் காட்டும்: எந்தத் திசையில் விழுகிறது என்பது நிறம், மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பது அதன் அடர்த்தி. அந்த வட்டத்தில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. நார்வேக்காரர் முகமானாலும் நைஜீரியர் முகமானாலும் தூத்துக்குடிக்காரர் முகமானாலும், புள்ளிகள் ஏறத்தாழ அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். காரணம், எல்லார் தோலுக்கும் நிறம் கொடுப்பவை மெலனினும், அடியில் ஓடும் ரத்தத்தின் ஹீமோகுளோபினும். பெரிதாக மாறுவது வெளிச்சத்தின் அளவு. கறுப்பு, சிவப்பு, மாநிறம் என்று பெண் பார்க்கும் படலத்தில் நடக்கும் பாகுபாட்டை இந்தக் கருவி கண்டுகொள்வதே இல்லை. ஆனாலும் நாயகி முகத்தில் மட்டும் பிரைட்னஸை ஏற்றச் சொல்லும் வழக்கம் நம் சீரியல்களை விட்டுப் போகவில்லை. அதைக் கருவியின் தலையில் கட்ட முடியாது.

விளம்பர இடைவேளையில் ரிமோட்டைத் தேடுவதற்கும் காரணம் உண்டு. ஒலியின் உச்சம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று மட்டும் வரம்பு வைத்தால், மெல்லிய பகுதிகளை எல்லாம் உச்சத்துக்குப் பக்கத்தில் தூக்கிவிட்டு, விதியை மீறாமலே காதைக் கிழிக்கலாம். இதைத் தடுக்க ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-இல் ஆர் 128 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். காது உணரும் சராசரிச் சத்தத்தை அளந்து, மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் என்ற அளவில் நிறுத்தச் சொல்கிறது அது. அமெரிக்காவில் விளம்பரச் சத்தத்துக்கென்றே தனிச் சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்புக்குப் போகுமுன் இந்த மீட்டரைப் பார்த்து ஒப்புதல் தருவதும் ஓர் உத்தியோகமே.

இதற்கெல்லாம் எங்கே படிப்பது? தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, இயக்கத்தோடு ஒலிப்பதிவு, எடிட்டிங், டிஜிட்டல் இன்டர்மீடியட் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பட்டப்படிப்பு உண்டு. டிஜிட்டல் இன்டர்மீடியட் என்பதுதான் கோடம்பாக்கத்தில் டி.ஐ. என்று வழங்கும் கலரிஸ்ட் வேலை. புனேயில் 1960-இல் பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கிய திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும் ஒலிக்குத் தனித் துறை வைத்திருக்கிறது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஒலிக்கலவைக்காக 2009-இல் ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவரான ரசூல் பூக்குட்டி அங்கே படித்தவர். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலிருந்து புனேக்குப் போவதற்கு முன் அவர் படித்தது இயற்பியல்.