நம்பியாரை நம்பாதவர்கள்

எம்.ஜி.ஆர். படத்தில் எம்.என்.நம்பியார் கைகளைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டினால் போதும், கொட்டகையில் திட்டு விழும். திரைக்கு வெளியே அவர் சபரிமலைக்கு மாலை போடும் பக்தராக, பலருக்குக் குருசாமியாக இருந்தவர். வசனம் இன்னொருவர் எழுதியது, வில்லன் வேடத்துக்கு வாங்கியது சம்பளம் என்பதெல்லாம் தரை டிக்கெட்காரருக்கும் தெரியும். தெரிந்து என்ன, ஆளைப் பார்த்ததும் வயிறு கலங்கியது கலங்கியதுதான்.

இந்த விசித்திரத்தை 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவைப் போற்றி ஒரு கட்டுரை, தாக்கி ஒரு கட்டுரை. மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவர் மனசுக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். 10 என்றால் பரம எதிரி, 70 என்றால் தீவிர ஆதரவாளர். சிலரிடம் மட்டும் ஒரு தகவலையும் சொன்னார்கள்: எழுதியவருக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, ஆசிரியர் சொன்ன பக்கத்தைத்தான் எழுதினார். பட்டிமன்றத்தில் அணி பிரித்துக் கொடுப்பார்களே, அதுபோல. அப்படியானால் கட்டுரையை வைத்து ஆளின் மனசைச் சொல்லவே முடியாது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் விழும் என்று ஆய்வாளர்களே நினைத்திருந்தார்கள். போற்றிய கட்டுரைக்கு விழுந்தது சுமார் 44. தாக்கியதற்குச் சுமார் 23.

பத்தாண்டு கழித்து உளவியலாளர் லீ ராஸ் இந்தச் சறுக்கலுக்கு ஒரு கனமான பெயர் வைக்க, அது பாடநூல்களில் ஏறியது. பெயரைவிட என்னைத் திகைக்கவைத்தது, 1988-இல் டேனியல் கில்பர்ட் குழு செய்த சோதனை. ஒலியில்லாத படத்தில் ஒரு பெண் பேசிக்கொண்டே தவிக்கிறாள், நெளிகிறாள். எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று படத்தின் அடியில் எழுத்து வருகிறது. எல்லாம் வெளியே சொல்லக் கூசும் அந்தரங்கங்கள். சும்மா பார்த்தவர்கள், ‘இதைக் கேட்டால் யார்தான் நெளியமாட்டார்கள்’ என்று விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தலைப்புகளை மனப்பாடம் செய்யச் சொல்லப்பட்டவர்களோ, அவள் சுபாவமே பதற்றம் என்று முடிவுகட்டினார்கள். அவளை விடுவிக்கும் சாட்சியத்தை வாய்க்குள் ஒப்பித்தபடியே தீர்ப்பு எழுதினார்கள்! கில்பர்ட் தரும் விளக்கம் இது: ‘ஆளே இப்படித்தான்’ என்பது மனசுக்குச் செலவில்லாமல் வந்துவிடும். அதிலிருந்து சூழ்நிலையைக் கழித்துத் திருத்தத்தான் உழைப்பு தேவை. தலையில் வேறு வேலை ஏறிவிட்டால் முதலில் கைவிடப்படுவது அந்தத் திருத்தம்.

மனிதப் பிறவிக்கே உள்ள குறையா இது? 1984-இல் உளவியலாளர் ஜோன் மில்லர் சிகாகோவிலும் மைசூரிலும் ஆட்களைக் கேட்டுப் பார்த்தார். ஒரு சம்பவம்: மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்து, பின்னால் உட்கார்ந்திருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். ஓட்டியவர் வக்கீல். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். வக்கீல் ஏன் போனார்? அமெரிக்கர்கள் பெரும்பாலும் அவர் குணத்தைப் பிடித்தார்கள்: பொறுப்பில்லாத ஆள். மைசூர்க்காரர்களின் பேச்சு கட்சிக்காரருக்கு அவர் செய்ய வேண்டியிருந்த கடமை, அந்த நேரத்துக் குழப்பம் என்று சுற்றுப்புறமாகப் போனது. 8 வயதுப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு கிடையாது. இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே பதில். வளர வளரத்தான் பிரிகிறார்கள்.

அதற்காக நாம் காலரைத் தூக்கிவிட வேண்டியதில்லை, நம்பியார் கதை இருக்கிறதே. கட்டாயக் கட்டுரைச் சோதனையில் கொரிய மாணவர்களும் அமெரிக்கர்களைப் போலவே தவறினார்கள். 1998-இல் இன்சியோல் சோயும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் ஒரு காரியம் செய்தார்கள். பிறர் கட்டுரையை மதிப்பிடும் முன், மாணவர்களையே உட்காரவைத்து, கொடுத்த பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டு எழுந்த கொரியர்களிடம் பிழை குறைந்தது. அமெரிக்கர்கள் எழுதினார்கள், பழையபடியே மதிப்பெண் போட்டார்கள்.